மீன் தப்பிக்கக் கூடாதுனு கம்பி வலை... கோடீஸ்வரர் ஃப்ரிக்கின் வீக்எண்ட் ஏரியும், மூழ்கிப்போன ஊரும்!

வீக்எண்டுக்கு ரிசார்ட் புக் பண்ணும்போது நீங்க எதையெல்லாம் பார்ப்பீங்க? ரூம் ஜன்னலைத் திறந்தா ஏரி தெரியுதா, போட்டிங் இருக்கா, பிரேக்ஃபாஸ்ட் சேர்த்தா, எத்தனை ஸ்டார் ரேட்டிங்... அவ்வளவுதான். அந்த ஏரிக்கரையை எந்த வருஷம் கட்டினாங்க, கடைசியா எப்போ ரிப்பேர் பார்த்தாங்கனு யாராவது கேட்டிருப்போமா? சத்தியமா நான் கேட்டதில்லை.

அப்படிக் கேட்காமல் விட்ட ஒரு பெரிய மனிதரின் கதையைத்தான் இப்போ படிக்கப் போறீங்க. இத்தனைக்கும் அவர் கணக்குப் புத்தகத்தோடவே வளர்ந்தவர். பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்து, முப்பது வயதில் கோடீஸ்வரர் ஆனவர். பெயர் ஹென்றி க்ளே ஃப்ரிக். நியூயார்க் போனால் ஃப்ரிக் கலெக்‌ஷன் என்று ஓவிய மியூசியம் ஒன்று இருக்கிறதே, அது அவர் குடியிருந்த வீடு!

1849 டிசம்பர் 19 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வெஸ்ட் ஓவர்டன் என்ற கிராமத்தில் ஃப்ரிக் பிறந்தார். தாத்தா ஆபிரகாம் ஓவர்ஹோல்ட் விஸ்கி தயாரித்து விற்ற பெரும் பணக்காரர். ஆனால், அப்பாவிடம் பணம் இல்லை. தாத்தா வீட்டு வளாகத்தில், ஊற்றின் மேல் கட்டியிருந்த ஒரு சின்னக் கட்டடத்தில்தான் குழந்தை பிறந்தது. மாளிகையைத் தினமும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வளர்கிற பையனுக்கு என்ன ஆசை வருமோ, அது ஃப்ரிக்குக்கும் வந்தது.

படிப்பு பெரிதாக ஓடவில்லை. கடையில் வேலை பார்த்தார். பிறகு தாத்தாவின் விஸ்கி ஆலையில் கணக்கு எழுதினார். 1871-ல் உறவினர்களோடு சேர்ந்து கோக் தொழிலில் இறங்கினார். குடிக்கிற கோக் இல்லை பாஸ்! நிலக்கரியைக் காற்று படாமல் சூளையில் சுட்டால் கிடைக்கிற எரிபொருள்தான் கோக். இரும்பு உருக்கும் உலைக்கு அது இல்லாமல் ஆகாது. பிட்ஸ்பர்க் நகரத்தில் உலைகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. பிட்ஸ்பர்க் வங்கியாளர் தாமஸ் மெலன் 10,000 டாலர் கடன் கொடுத்தார். அதில் சூளைகள் எழுந்தன.

1873-ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதாரச் சரிவு. ஊரெல்லாம் விற்கத் துடித்தபோது ஃப்ரிக் வாங்கினார். நிலம், சூளை, அடுத்தவர் பங்கு என்று கிடைத்ததையெல்லாம் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டார். சந்தை திரும்பியபோது கோக் வேண்டும் என்றால் அவரிடம்தான் வரணும் என்ற நிலை. 1879 டிசம்பரில் முப்பதாவது பிறந்தநாள் வந்தபோது அவர் மில்லியனர்.

அந்தப் பிறந்தநாளுக்குச் சுமார் ஒரு மாதம் முன்னால் இன்னொரு விஷயமும் நடந்தது. 1879 நவம்பரில், பிட்ஸ்பர்க் பணக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு க்ளப்பைப் பதிவு செய்தார்கள். பெயர், சவுத் ஃபோர்க் மீன்பிடி மற்றும் வேட்டை க்ளப். ஃப்ரிக் அதன் ஆரம்ப உறுப்பினர்களில் ஒருவர்.

புகை நகரத்திலிருந்து ஓர் எஸ்கேப்

அப்போதைய பிட்ஸ்பர்க்கைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. பட்டப்பகலில் தெருவிளக்கு எரியவேண்டிய அளவுக்குப் புகை. காலையில் போட்ட வெள்ளைச் சட்டை மதியத்துக்குள் கறுத்துவிடும். அந்தப் புகையில் பாதிக்குக் காரணமே இந்த முதலாளிகள்தான். சம்பாதிக்க அந்த ஊர் வேணும். மூச்சு விட வேற ஊர் வேணும். ஆக, ரயிலில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேருகிற மாதிரி, மலைமேல் ஓர் ஏரி தேவைப்பட்டது.

ஏரி ரெடியாகவே இருந்தது. பாழடைந்த நிலையில்.

அது இயற்கையான ஏரி இல்லை. படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க பென்சில்வேனியா அரசு கட்டிய நீர்த்தேக்கம். 1838-ல் தொடங்கி, பணம் இல்லாமல் இழுத்து இழுத்து, 1853 வாக்கில்தான் வேலை முடிந்தது. அதற்குள் ரயில் பாதை வந்துவிட்டது. கால்வாய்க்கு வேலை போச்சு. அணைக்கும் போச்சு. பேஜர் கம்பெனி திறப்பு விழாவன்று செல்போன் வந்த மாதிரி! 1857-ல் ரயில் கம்பெனி மொத்தமாக வாங்கி, கண்டுகொள்ளாமல் போட்டது. 1862-ல் அணையின் அடிப்பகுதி உடைந்தது. ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்ததால் கீழே பெரிய சேதம் இல்லை. அந்த உடைப்பை அப்படியே விட்டுவிட்டார்கள், பதினேழு வருஷம்.

இடையில் இன்னொருவர் கைக்கு அணை மாறியது. 1875-ல் வாங்கிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் ரைலி, அணைக்கு அடியில் இருந்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அடுத்து அவரிடமிருந்து பெஞ்சமின் ரஃப் என்பவர் வெறும் 2,000 டாலருக்கு வாங்கினார். ரயில் சுரங்கப்பாதை கான்ட்ராக்ட், கோக் விற்பனை என்று பல தொழில் பார்த்தவர். க்ளப் ஐடியாவே இவருடையதுதான்.

அந்த இரும்புக் குழாய் விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வச்சுக்கோங்க. கதையின் முக்கியமான முடிச்சு அதுதான்.

நம்ம ஊர் ஏரி தெரியும் இல்லையா? மண்கரை இருக்கும். தண்ணீரைத் திறந்துவிட அடியில் மதகு இருக்கும். ஏரி நிரம்பினால் உபரி நீர் தானாக வழிந்து போக ஓரத்தில் கலிங்கு இருக்கும். மண் அணை உலகத்தில் எங்கே இருந்தாலும் இந்த மூன்றும்தான் அதற்கு உயிர். கான்கிரீட் அணையின் தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால்கூட ஓரளவு தாங்கும். மண் அணை தாங்காது. மேலே ஓடுகிற தண்ணீர் மண்ணை அரித்து, முதலில் ஒரு வாய்க்கால் ஆகும். வாய்க்கால் பள்ளமாகும். பள்ளம் உடைப்பாகும். அதனால்தான் கலிங்கை எப்போதும் சுத்தமாக வைக்கணும், கரையின் மேல்மட்டம் இறங்காமல் பார்க்கணும், கசிவு தெரிந்தால் உடனே மதகைத் திறந்து தண்ணீரை இறக்கி ரிப்பேர் பண்ணணும்.

பிடுங்கி விற்ற அந்த ஐந்து குழாய்கள்தான் அணையின் மதகு. அவை போனதும், ஏரித் தண்ணீரை இறக்க வழியே இல்லை. தண்ணீரை இறக்க முடியாவிட்டால் கரையின் உள்பக்கத்தைச் சரிபார்க்கவும் முடியாது. கார் இன்ஜினை ஆஃப் பண்ணவே முடியாது என்றால் எப்படி சர்வீஸ் விடுவீங்க?

வைக்கோல், கிளை, சாணம்

ரஃப் ரிப்பேர் செய்தார். எப்படி? ஏற்கெனவே அந்த அணையை அரசுப் பொறியாளர்கள் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார்கள். களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்து, மேலே பாறைகளைப் பதித்து. 931 அடி நீளம், 72 அடி உயரம். ஏழு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு மண்! ரஃப் ஆட்களோ உடைப்பில் மண்ணோடு பாறை, மரக்கிளை, வைக்கோல், சாணம் என்று கிடைத்ததைப் போட்டு அடைத்தார்கள். வேலையை மேற்பார்த்தவர் பொறியாளர் இல்லை. முதல் முயற்சியை மழை அடித்துக்கொண்டு போனது. திரும்பவும் அடைத்தார்கள். 1881-ல் ஏரி நிரம்பியது. காணமா ஏரி என்று பெயர் வைத்தார்கள்.

குழாய்களைத் திரும்ப வைக்கவில்லை. அதுக்குச் செலவாகும் இல்லையா?

அடுத்து வந்தவைதான் டூரிஸ்ட் ஸ்பாட் வேலைகள். கரையின் மேல் எதிரெதிரே இரண்டு குதிரை வண்டி தாராளமாகப் போகணும் என்று கரை உச்சியை இரண்டு, மூன்று அடி வெட்டி அகலப்படுத்தினார்கள். அதாவது, கரையின் உயரம் குறைந்தது. ஏற்கெனவே உடைந்து அடைத்த நடுப்பகுதி வேறு கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியது. மண் அணையில் நடுப்பகுதி ஓரங்களைவிட ஒரு பிடியாவது உயரமாக இருக்கணும். இங்கே அதுதான் தாழ்வான இடம்.

அப்புறம் மீன். ஏரியில் பாஸ் வகை மீன்களைக் காசு கொடுத்து வாங்கி விட்டிருந்தார்கள். அவை கலிங்கு வழியே தப்பிப் போகக் கூடாது என்று அங்கே இரும்புக் கம்பி வலைகளைக் கட்டினார்கள். கலிங்கின் மேலேயே தூண் நட்டு ஒரு பாலமும் போட்டார்கள். குளியலறை ஜல்லடையில் தலைமுடி சிக்கினால் தண்ணீர் தேங்குமே, அதே கதைதான்.

ஆனால், பார்க்க எப்படி இருந்திருக்கும்! 47 அறைகள் கொண்ட க்ளப் ஹவுஸ், கரையோரம் பதினாறு காட்டேஜ்கள், பாய்மரப் படகுகள், குட்டி நீராவிப் படகுகள். இன்ஸ்டா இருந்திருந்தால் ரீல்ஸ் பறந்திருக்கும். ஃப்ரிக்கின் நண்பர் ஆண்ட்ரூ மெலன் இதில் உறுப்பினர். உலகப் புகழ் இரும்பு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகியும் உறுப்பினர். 1881 டிசம்பரில் ஃப்ரிக்குக்குக் கல்யாணம். மனைவி அடிலெய்டு. ஹனிமூனுக்கு நியூயார்க் போன இடத்தில் கார்னெகியைச் சந்தித்து பிசினஸ் பேசினார். இரும்பும் கோக்கும் கைகோத்தன. 1889 ஜனவரியில் கார்னெகி இரும்பு நிறுவனத்தின் சேர்மன் நாற்காலியில் ஃப்ரிக் உட்கார்ந்தார். அப்போது வயது 39.

கீழே ஓர் ஊர் இருந்தது

பிட்ஸ்பர்க்கிலிருந்து ஏரிக்குப் போகிற ரயில், ஜான்ஸ்டவுன் என்ற ஊரைத் தாண்டித்தான் போகும். இரும்பாலைத் தொழிலாளர்களின் ஊர். அந்தப் பள்ளத்தாக்கில் சுமார் 30,000 பேர். ஏரி அவர்களுக்கு 14 மைல் மேலே, சுமார் 450 அடி உயரத்தில் இருந்தது. க்ளப் உறுப்பினர்கள் ஒவ்வொரு முறை ஜாலியாக ஏரிக்குப் போகும்போதும் அந்த வீடுகளை, துணி காயும் கொடிகளை, விளையாடுகிற குழந்தைகளை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் போயிருக்க முடியும்.

அந்த ஊரில் ஒருவருக்கு மட்டும் அணை உறுத்திக்கொண்டே இருந்தது. கேம்ப்ரியா இரும்பாலையை நடத்திய டேனியல் மாரெல். 1880 நவம்பரில் தன் ஆள் ஜான் ஃபுல்டனை அனுப்பி அணையைப் பார்க்கச் சொன்னார். ஃபுல்டன் எழுதி வந்த அறிக்கையின் சாரம் இரண்டு விஷயம்: தண்ணீரை இறக்க மதகு இல்லை, ரிப்பேர் ஒழுங்காக இல்லை. பெரிய கசிவு ஒன்றையும் குறித்திருந்தார்.

மாரெல் அறிக்கையை க்ளப்புக்கு அனுப்பினார். ரஃப் பதில் எழுதினார். அறிக்கையில் தப்பு கண்டுபிடித்து, உங்களுக்கு எங்களால் எந்த ஆபத்தும் இல்லை என்கிற தோரணையில் முடித்துவிட்டார். மாரெல் விடவில்லை. சரியாகப் பலப்படுத்துங்கள், செலவில் எங்கள் கம்பெனியும் பங்கு தருகிறது என்றார். அதையும் க்ளப் வேண்டாம் என்றது.

எனக்கு இந்த இடம்தான் தொண்டையில் நிற்கிறது. பணம் இல்லாததால் நடக்காத ரிப்பேர் இல்லை இது. அமெரிக்காவின் பெரும் பணக்காரர்கள் உறுப்பினர்களாக இருந்த க்ளப். போதாதற்கு, கீழே இருக்கிறவனே செலவில் பங்கு தருகிறேன் என்று வந்து நிற்கிறான். யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஃப்ரிக்கின் சூளையில் ஒரு செங்கல் பெயர்ந்தால் மறுநாளே ஆள் வந்திருக்கும். சூளை லாபம் தரும். அணை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தானே?

மாரெல் அப்புறம் தானே க்ளப்பில் உறுப்பினர் ஆனார். 1885-ல் இறந்தார். 1887-ல் ரஃப்பும் இறந்தார். கேள்வி கேட்டவரும் இல்லை, பதில் சொன்னவரும் இல்லை. ஜான்ஸ்டவுன் மக்களுக்கோ அணை பெரிய ஜோக் ஆகிவிட்டது. வருஷா வருஷம் மழை வலுத்தால் அணை உடையப் போகுதுனு வதந்தி வரும், உடையாது, சிரித்துக்கொண்டே வேலைக்குப் போவார்கள். வாட்ஸ்அப் ஃபார்வர்டு மாதிரி, நூறு தடவை பொய்யாகிப்போன எச்சரிக்கையை யார் நம்புவார்கள்?

1889 மே 31, வெள்ளிக்கிழமை

முந்தின நாள் சாயங்காலம் தொடங்கிய மழை ராத்திரி முழுக்கக் கொட்டியது. க்ளப்பில் சீசன் இன்னும் தொடங்கவில்லை. காலையில் எழுந்த இளம் பொறியாளர் ஜான் பார்க், ஏரி ஒரே ராத்திரியில் இரண்டு அடி ஏறியிருப்பதைப் பார்த்தார். க்ளப் தலைவர் எலியாஸ் அங்கர், காட்டேஜ்களுக்குச் சாக்கடை தோண்ட வந்திருந்த இத்தாலியக் கூலித் தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு கரைக்கு ஓடினார்.

கரை உச்சியில் கலப்பை ஓட்டி, மண்ணை அள்ளிப்போட்டு உயர்த்தப் பார்த்தார்கள். இன்னொரு ஓரத்தில் புதிதாக ஒரு கலிங்கு வெட்டப் பார்த்தார்கள். மண் கெட்டியாக இருந்ததால் வாய்க்கால் அளவுக்குத்தான் ஆனது. கலிங்கில் இருந்த மீன் வலையைத் தாமதமாகத்தான் பிடுங்கப் போனார்கள். அதற்குள் மரக்கட்டையும் குப்பையும் சேர்ந்து வலையை அடைத்து இறுகிப்போயிருந்தது. நகரவில்லை.

பார்க் குதிரையேறி சவுத் ஃபோர்க் கிராமத்துக்குப் போய் எச்சரித்தார். அங்கிருந்து ஜான்ஸ்டவுனுக்குத் தந்தி போனது. ஊரில் ஏற்கெனவே மழைத் தண்ணீர் தெருவில் நின்றது. தந்தியைப் பார்த்தவர்களும் பழைய வதந்திதானே என்று விட்டுவிட்டார்கள்.

நண்பகல் வாக்கில் அமுங்கிய நடுப்பகுதியின் மேல் தண்ணீர் வழியத் தொடங்கியது. மூன்று மணி சுமாருக்கு அணை போனது. சுமார் 2 கோடி டன் தண்ணீர்.

அலை ஜான்ஸ்டவுனை அடைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. வழியில் கிராமங்களை வழித்துக்கொண்டு, ரயில் இன்ஜின்களை உருட்டிக்கொண்டு, ஒரு கம்பித் தொழிற்சாலையிலிருந்து முள்கம்பிச் சுருள்களை வாரிக்கொண்டு வந்தது. ஜான் ஹெஸ் என்ற ரயில் டிரைவர் மட்டும், அலை வருவதை உணர்ந்து, விசிலைக் கட்டிப்போட்டு அலறவிட்டபடியே இன்ஜினை ஓட்டி வந்தார். அந்தச் சத்தம் கேட்டு மேட்டுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். அன்றைக்கு வேலை செய்த ஒரே அலாரம் அதுதான்.

ஊருக்குக் கீழே ஒரு கல் பாலம். அது உடையாமல் நின்றது. அதனாலேயே வீடு, மரம், கம்பி, மனிதர்கள் எல்லாம் அதில் மோதி, முப்பது ஏக்கர் பரப்புக்குக் குவிந்தன. சாயங்காலம் அந்தக் குவியல் தீப்பிடித்தது. தண்ணீரில் தப்பியவர்கள் சிலர் நெருப்பில் போனார்கள்.

இறந்தவர்கள் 2,209 என்பது அப்போதைய கணக்கு. 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. 777 உடல்களை அடையாளமே காண முடியவில்லை. ஊர் மேட்டில் இருக்கிற கிராண்ட்வியூ கல்லறையில் அவர்களுக்காகப் பெயரில்லாத வெள்ளைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன.

அப்புறம் ஃப்ரிக் என்ன செய்தார்?

நிவாரண நிதிக்குப் பணம் கொடுத்தார். க்ளப் ஆயிரம் போர்வை அனுப்பியது. கார்னெகி அந்த ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார். இன்றைக்கு அந்தக் கட்டடம்தான் வெள்ள மியூசியம். 67 வயது க்ளாரா பார்ட்டன், அமெரிக்க செஞ்சிலுவைச் சங்க ஆட்களோடு வந்து ஐந்து மாதம் தங்கி வேலை பார்த்தார்.

ஆனால், பொறுப்பு? க்ளப் ஏற்கவே இல்லை. வழக்குகள் போட்டார்கள். க்ளப்புக்காக வாதாடிய சட்ட அலுவலகம் நாக்ஸ் அண்டு ரீட். அந்த நாக்ஸும் ரீடும் க்ளப் உறுப்பினர்கள்தான்! கடவுளின் செயலுக்கு யாரும் பொறுப்பில்லை என்பதுதான் வாதத்தின் மையம். பாதிக்கப்பட்ட ஒருவர்கூட க்ளப்பிடமிருந்து இழப்பீடு வாங்க முடியவில்லை. நாக்ஸ் பின்னாளில் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர் வரை போனார். இந்தக் கோபம் சும்மா போகவில்லை. ஆபத்தான ஒன்றை உன் நிலத்தில் தேக்கி வைத்தால், அது வெளியேறிச் செய்யும் சேதத்துக்கு நீதான் பொறுப்பு என்ற பழைய ஆங்கிலேயத் தீர்ப்பை அமெரிக்க நீதிமன்றங்கள் பலவும் பிறகு ஏற்றுக்கொள்ளத் தொடங்கின.

அமெரிக்கப் பொறியாளர் சங்கம் ஒரு விசாரணை நடத்தியது. அறிக்கை 1891 வரை வெளியே வரவில்லை. கரையை வெட்டித் தாழ்த்தியது உண்மைதான், ஆனால் தாழ்த்தாவிட்டாலும் அந்த மழைக்கு உடைந்துதான் இருக்கும் என்றது. க்ளப்புக்கு நிம்மதி. நூற்றாண்டுக்கும் மேல் அந்த முடிவு அப்படியே நின்றது. 2016-ல் ஜான்ஸ்டவுனிலேயே இருக்கிற பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக வளாகத்தின் ஆய்வாளர்கள், ஏரியையும் கரையையும் திரும்ப அளந்து கணக்குப் போட்டார்கள். முதலில் கட்டிய உயரமும், குழாய்களும், கலிங்கும் இருந்திருந்தால் அணை அந்தப் புயலைத் தாங்கியிருக்க முடியும் என்று வந்தது விடை.

ஃப்ரிக்கின் வாழ்க்கை அடுத்த மூன்று வருஷத்தில் தலைகீழானது. 1891-ல் செல்ல மகள் மார்த்தா, ஆறு வயது நிறைவதற்குள் இறந்தாள். எப்போதோ விழுங்கிய ஓர் ஊசி உள்ளே இருந்து சீழ் வைத்துக் கொன்றது. ஃப்ரிக் தன் வங்கிக் காசோலைகளில் அவள் முகத்தை அச்சடித்து வைத்துக்கொண்டார். 1892 ஜூலையில் ஹோம்ஸ்டெட் ஆலையில் வேலைநிறுத்தம். முந்நூறு தனியார் காவலர்களைப் படகில் இறக்கினார். மோதலில் இரு பக்கமும் உயிர்கள் போயின. அதே மாதம் 23-ம் தேதி, அலெக்சாண்டர் பெர்க்மன் என்ற இளைஞர் அலுவலகத்துக்குள் புகுந்து ஃப்ரிக்கைச் சுட்டார், குத்தினார். பிழைத்துக்கொண்டார். அந்த மாதம் பிறந்த கைக்குழந்தை ஆகஸ்டில் இறந்தது.

கர்மா என்று கமென்ட் போடக் கை பரபரக்கும். வேணாமே, ப்ளீஸ். மார்த்தாவுக்கும் அணைக்கும் என்ன சம்பந்தம்? ஜான்ஸ்டவுனில் இறந்த 396 குழந்தைகளுக்கும்தான் என்ன சம்பந்தம்?

இன்னொன்றையும் சொல்லணும். அணையை ஃப்ரிக் தனியாக உடைக்கவில்லை. 1889-ல் க்ளப்பில் அறுபதுக்கும் மேல் உறுப்பினர்கள். குழாயைப் பிடுங்கியவர் வேறு, வைக்கோல் போட்டவர் வேறு, அரசும் ரயில் கம்பெனியும் வேறு. ஆளுக்குக் கொஞ்சம். ஆனால், கை தூக்கிக் கேட்டிருந்தால் மற்றவர்கள் காது கொடுத்திருக்கக்கூடிய சிலரில் அவர் ஒருவர். மற்ற இடங்களில் கேட்காமல் விடுகிற ஆளும் இல்லை அவர்.

1900 வாக்கில் கார்னெகியோடு சண்டை போட்டுப் பிரிந்தார். நியூயார்க்குக்குக் குடி போனார். ஐந்தாவது அவென்யூவில் மாளிகை கட்டி, ரெம்பிராண்ட், வெர்மீர் என்று ஓவியங்களாக வாங்கி நிரப்பினார். 1912-ல் டைட்டானிக்கில் டிக்கெட் போட்டிருந்தார். மனைவிக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொள்ள, ரத்து செய்தார். 1919 டிசம்பர் 2 அன்று இறந்தார். எழுபதாவது பிறந்தநாளுக்கு இரண்டரை வாரம் பாக்கி.

உயிலைப் படித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாளிகையும் ஓவியங்களும் மக்கள் பார்க்க மியூசியமாக வேண்டும் என்று எழுதியவர், அதன் பராமரிப்புக்கென்று தனியாக 1.5 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார். பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பூங்காவுக்காக 151 ஏக்கர் கொடுத்தார். மகள் ஹெலன் இளம்பெண்ணாக இருந்தபோது, நகரத்துப் பிள்ளைகள் விளையாட ஒரு பூங்கா வேணும் என்று அப்பாவிடம் கேட்டிருந்தாளாம். அந்தப் பூங்காவுக்கும் பராமரிப்பு நிதியாக 20 லட்சம் டாலர். மரம், பாதை, வேலி எல்லாவற்றையும் காலத்துக்கும் பார்த்துக்கொள்ள ஆள் வேணும், ஆளுக்குச் சம்பளம் வேணும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஃப்ரிக் பூங்கா 1927-ல் திறந்தது. இன்றைக்கும் காலையில் அங்கே ஜனங்கள் நாய்களோடு நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

காணமா ஏரி இப்போ இல்லை. இருந்த இடத்தில் புல் முளைத்துக் கிடக்கிறது. அணையின் இரண்டு முனைகள் மட்டும் தேசிய நினைவிடமாக நிற்கின்றன. ஒன்றின் மேல் ஏறினால் எதிர்முனை வரை உடைப்பு முழுதும் தெரியும். அந்த இடைவெளி வழியாகச் சின்ன ஓடை ஒன்று ஜான்ஸ்டவுன் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது.